ஜோதி வானத்தில் சொன்ன ஒரு வார்த்தை

மணிவண்ணனுக்கு உயரத்தில் பயம் கிடையாது. தரையில் நிற்கும்போதுதான் அவனுக்கு உதறல் எடுக்கும், அதுவும் மனைவி ஜோதி எதிரே நின்றால். மாசி மாதத்து ஒரு காலையில் பச்சைமலையின் கிழக்கு விளிம்பில் அவன் எதிரே ஜோதிதான் நின்றாள். தன் தம்பி மனைவியிடம் இரவல் வாங்கிய சுடிதார், தலையில் ஹெல்மெட், பூட்டுப் போட்ட வாய்.

இன்னும் கொஞ்ச நேரத்தில் அவளைத் தன் முன்னால் கட்டிக்கொண்டு அவன் பாராகிளைடரில் பறக்க வேண்டும். அதற்குப் பிறகு அவள் சொல்வதுதான் தீர்ப்பு. இந்த நிலைமைக்கு அவனைக் கொண்டுவந்தது இரண்டு பொய்கள். இரண்டையும் அவன் நல்ல எண்ணத்தில்தான் சொன்னான். எல்லாப் புருஷன்மார்களும் அப்படித்தான் சொல்கிறார்கள்.

அவனுடைய அப்பா அய்யம்பெருமாள் ஆயுள் முழுக்க அடுத்தவர் காட்டில் பாடுபட்டவர். மகனாவது வேறு வழியில் பிழைக்கட்டும் என்று ஆசைப்பட்டார். லப்பைக்குடிக்காட்டு பாய் ஒருவர் விசா ஏற்பாடு செய்ய, கல்யாணமான மறுவருஷமே மணிவண்ணன் சார்ஜாவுக்கு விமானம் ஏறினான். உயரமான கட்டடங்களின் கண்ணாடிகளைக் கயிற்றில் தொங்கியபடி துடைக்கிற வேலை. போனில் ஜோதி கேட்டபோது, "ஆபீஸ்ல கிளீனிங். ஏசி வேலை" என்றான். ஏசி இருந்தது உண்மைதான். அது கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்தது. இவன் இந்தப் பக்கம் வெயிலில் தொங்கினான்.

அவன் சார்ஜாவில் இருந்த ஒன்பது வருஷத்தில் அரும்பாவூர்ப் பக்கத்து மலையடிவார ஊரில் ஜோதி ஒண்டி ஆளாக நின்று ஒரு மாடி வீடு கட்டினாள். கொத்தனாரோடு மல்லுக்கு நின்றாள். மழையில் கட்டிப்போன சிமெண்ட் மூட்டைகளைப் பார்த்து அழுதாள். அவன் அந்த வீட்டைப் போனில் பார்த்தான், இன்றைக்கு ஒரு சுவர், அடுத்த மாதம் ஒரு ஜன்னல் என்று துண்டு துண்டாக. மகள் வினோதினி அவனைப் 'போன் அப்பா' என்று கூப்பிடப் பழகியிருந்தாள்.

ஊர் திரும்பியதும் மலைமேல் பாராகிளைடர் கிளப் நடத்தும் கோகுலகிருஷ்ணனிடம் வேன் டிரைவராகச் சேர்ந்தான். வருகிறவர்களை மேலே ஏற்றிவிடுவது, கீழே இறங்கியவர்களைக் கூட்டிவருவது. கயிறும் பெல்ட்டும் அவனுக்குக் கைப்பழக்கம் என்பதைப் பார்த்த கோகுலகிருஷ்ணன், "நீங்க ஏன் மணி பறக்கக் கூடாது?" என்று கேட்டு, வடக்கே அனுப்பிப் பயிற்சி கொடுத்தார். வீட்டில் மணிவண்ணன் சொன்னது, "கோயமுத்தூர்ல வண்டி வேலை. வர நாளாவும்." இது இரண்டாவது பொய்.

அதன் பிறகு இரண்டு சீசன்கள், டிரைவர் என்ற பெயரில், அவன் தன் ஊருக்கு மேலேயே பறந்துகொண்டிருந்தான். கீழே துணி காயப்போட்டுக்கொண்டிருந்த ஜோதி எத்தனையோ முறை அண்ணாந்து பார்த்து, "எந்த ஊட்டுக் கிறுக்கனோ" என்று சொல்லியிருக்கிறாள்.

கிறுக்கன் யார் என்பது, பறக்க வந்த யாரோ போட்ட ஒரு வாட்ஸப் ஸ்டேட்டஸில் தெரிந்தது. குன்னத்திலிருந்து ஜோதியின் தம்பி மனைவி போன் போட்டு, "அண்ணி, பின்னாடி தொங்குறது நம்ம அண்ணன் மாதிரியே இருக்குதே?" என்றாள். அண்ணனேதான். ஒரு பொய்யைப் பிடித்து இழுத்ததில் சார்ஜாக் கயிறும் சேர்ந்து வெளியே வந்தது.

ஜோதி கத்தவில்லை. கத்தியிருந்தால் அவன் பிழைத்திருப்பான். ரெண்டு நாள் சோற்றுத்தட்டை மட்டும் டங்கென்று வைத்தாள். மூன்றாம் நாள், "என்னயும் ஒருக்கா மேல கூட்டிட்டுப் போங்க. நான் பாத்துட்டுச் சொல்றேன்" என்றாள்.

"என்ன சொல்லுவ?"

"பாத்துட்டுத்தான சொல்ல முடியும்? வுடுங்கன்னு நான் ஒரு வார்த்தை சொல்லிட்டா, அன்னையோட வுட்டுடணும். பேச்சு மாறக் கூடாது."

விட்டால் வேறு என்ன இருக்கிறது என்று அவனுக்குத் தெரியும். பழைய கம்பெனி ஆள் எடுக்கிறதாம். பாய் வாரத்துக்கு ஒருமுறை போன் செய்து, "என்னப்பா, வர்றியா இல்லியா? இன்ஷா அல்லாஹ் இந்த மாசமே அனுப்பிடலாம்" என்று கேட்டுக்கொண்டிருந்தார். திரும்பவும் அந்தக் கயிறு, அந்தக் கண்ணாடி, போனுக்குள் வளர்கிற மகள்.

மலை விளிம்பில் கிழக்குக் காற்று சீராக முகத்தில் அடித்தது. பாராகிளைடரின் துணிக்குடை தரையில் விரிந்து கிடந்தது. ஜோதி முன்னால், அவன் பின்னால். ஒவ்வொரு கொக்கியையும் இழுத்துப் பார்த்தான். ஜோதியின் கொக்கிகளை மட்டும் மறுபடி இழுத்துப் பார்த்தான்.

"நான் ஓடுன்னா ஓடணும். உக்காருன்னு சொல்ற வரைக்கும் உக்காரக் கூடாது. புரிஞ்சுதா?"

அவள் தலையாட்டினாள்.

"அக்கா, பயமா இருந்தா வேணாம். இன்னொரு நாள் பாத்துக்கலாம்" என்றார் கோகுலகிருஷ்ணன்.

"மலைன்னாலே பயம்தாங்க. குன்னத்துக்காரிங்க நானு, எங்க ஊருல மண்ணு தட்டையாத்தான் கெடக்கும்" என்றாள் ஜோதி. "இருந்தாலும் நான் பாக்கணும்."

"ஓடு!" என்றான். அவள் ஓடினாள். சேலை கட்டியே பழகிய பெண் அப்படி ஓடுவாள் என்று அவன் நினைக்கவில்லை. குடை தலைக்கு மேலே எழுந்து நின்றது. நாலு எட்டில் கால் தரையை இழந்தது. மலை பின்னால் விலகியது. அதன் பிறகும் அவள் ஓடிக்கொண்டேயிருந்தாள், காற்றில்.

"உக்காரு ஜோதி, உக்காரு."

உட்கார்ந்தாள். முதல்முறை வருகிறவர்கள் அலறுவார்கள், சாமி பேரைச் சொல்வார்கள், செல்பி கேட்பார்கள். இவள் இரண்டு கையாலும் பட்டையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு மூச்சுவிடாமல் இருந்தாள். அவன் குடையை வடக்கே திருப்பினான். வெங்காயக் காடு, மக்காச்சோளம் அறுத்த காடு, ஏரி, தார்ச்சாலையில் எறும்பாக ஒரு டவுன் பஸ். ஒன்றுக்கும் அவளிடமிருந்து சத்தம் வரவில்லை.

ஊருக்கு மேலே வந்தபோது அவள் கால்கள் இரண்டும் உதைத்துக்கொண்டன. முன்னால் இருப்பவள் பேசுவதைக் காற்று பாதி பிய்த்துக்கொண்டு போய்விடும். மீதி அவன் காதில் விழுந்தது.

"வுடுங்க! வுடுங்க! ஏங்க, வுடுங்க!"

அந்த வார்த்தைதான். தரையிறங்கும் வரைகூடப் பொறுக்காமல் சொல்லிவிட்டாள். சரி, கொடுத்த வாக்கு கொடுத்ததுதான். சீக்கிரம் இறங்குவதற்காகக் கயிறுகளை இழுத்து, குடையின் இரண்டு ஓரத்தையும் உள்பக்கம் மடித்தான். குடை மளமளவென்று இறங்கியது. ஜோதி இன்னும் என்னவோ கத்தினாள். அவன் கேட்கவில்லை, கேட்கிற நிலையில் இல்லை. வெங்காயம் பிடுங்கிப்போட்ட காடு மேலெழுந்து வந்தது. இருவரும் ரெண்டு எட்டு ஓடி நின்றார்கள். குடை பின்னால் மண்ணில் படுத்தது.

அவன் கொக்கிகளை ஒவ்வொன்றாகக் கழற்றினான். முகத்தைப் பார்க்கத் தைரியமில்லாமல், "சரி ஜோதி, வுட்டுடுறேன். வர்றேன்னு பாய்க்கு இன்னைக்கே சொல்லிடுறேன்" என்றான்.

"எத வுடப் போறீங்க?"

"நீதான சொன்ன. வுடுங்க வுடுங்கன்னு."

ஜோதி ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு அவனை ஏற இறங்கப் பார்த்தாள்.

"செவிட்டு மனுசா! வூடுங்க, வூடுன்னு கத்துனேன்! நம்ம வூடு! மாடியில மக்காச்சோளம் காயப்போட்டிருக்கேன்ல, அது மட்டும் மஞ்சளா, சதுரமா, அம்சமா தெரிஞ்சுது. கைய எடுத்துக் காட்டலாம்னா வுழுந்துருவமோன்னு பயம். அதான் கால ஒதச்சேன். அதுக்குள்ள சர்ருனு எறக்கிட்டீங்க!"

மணிவண்ணன் வெங்காயத் தாளின் மேலேயே உட்கார்ந்துவிட்டான். சிரிப்பு வந்ததா அழுகை வந்ததா என்று அவனுக்கே தெரியவில்லை, இரண்டும் சேர்ந்துதான் வந்தது. நெஞ்சில் ஒரு வாரமாகக் கிடந்த பாறாங்கல் அப்படியே உருண்டு போய்விட்டது. ஒரு குறில், ஒரு நெடில். அதற்கு இடையில் அவன் பாதி சார்ஜா போய்த் திரும்பியிருந்தான்.

ஜோதியும் பக்கத்தில் உட்கார்ந்தாள். பிறகு குரல் இறங்கியது.

"கட்டுன காலத்துல ஒரு நா கூட அத முழுசா நின்னு பாத்ததில்லங்க. கடைக்காலு, தூணு, தளம், பூச்சுன்னு எங்கயாச்சும் ஒரு மூலையிலதான் நிப்பேன். இன்னைக்குத்தான் முழுசாப் பாத்தேன். நல்லாத்தான் கட்டியிருக்கேன்."

"நல்லாத்தான் கட்டியிருக்க" என்றான் அவன்.

"இன்னொருக்கா போவணும். மெதுவா. வினோதினி வளந்ததும் அவளும்." அப்புறம் விரலை நீட்டினாள். "ஆனா ஒண்ணு. இனிமே எங்க தொங்குறதா இருந்தாலும் சொல்லிட்டுத் தொங்கணும். எனக்குத் தெரியாம எதுவும் வேணாம்."

அவன் அவள் தலையில் கைவைத்துச் சத்தியம் செய்தான். மண் ஒட்டிய கை. அவள் தட்டிவிட்டாள்.

அப்போது அவன் சட்டைப்பையில் போன் அடித்தது. பாய்தான். மணிவண்ணன் எடுப்பதற்குள் ஜோதி வாங்கிக்கொண்டாள்.

"நான் அவரு சம்சாரம் பேசுறேங்க பாய். அவரு வரலைங்க. இங்கயே வேலை கெடச்சிருக்கு."

அந்தப் பக்கம் பாய் என்ன வேலை என்று கேட்டிருக்க வேண்டும். ஜோதி மலையுச்சியை ஒருமுறை பார்த்துக்கொண்டாள்.

"அதே தொங்குற வேலைதாங்க பாய்" என்றாள். "இங்கன்னா, சாயங்காலம் வூட்டுக்கு வந்துருவாரு."