கரையில் போட்ட இஞ்சிப்புல்

பேராவூரணிக்கு வடக்கே, வாய்க்காலின் கடைமடையில் அமிர்தம் அக்கா குத்தகைக்கு உழுத வயலை இஞ்சிப்புல் பிடித்தது. மண்ணுக்கடியில் இஞ்சி போலக் கணுக்கணுவாக ஓடுகிற வேர் அதற்கு. டிராக்டரில் ரொட்டவேட்டர் மாட்டி உழுதால் ஒரு வேர் நூறு துண்டாகும். துண்டுக்குத் துண்டு முளைக்கும். சாகத் தெரியாத சனியன்.

நிலத்துக்காரர் பிரகதாம்பாள் தஞ்சாவூரிலிருந்து வந்து பார்த்தார். "அடுத்த அறுப்புக்குள்ள இதை ஒழிச்சா நீயே வச்சுக்க அமிர்தம். இல்லாட்டி தென்னை வச்சுடுவேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அக்காவுக்குப் புருஷன் இல்லை, வேறு நிலமும் இல்லை. கோடை முழுவதும் மண்வெட்டியால் கொத்தி, விரலால் துழாவி, வேர்களை எடுத்து வயலோரம் குவித்தார்.

"பேன் பாக்குறியாக்கா?" என்று கேலி செய்தேன்.

"ஆமாடி. ஈரு கூட விடமாட்டேன்."

ஆற்றில் தண்ணீர் வந்ததும் நாற்றுவிடும் அவசரத்தில் குவியலைக் கொளுத்த மறந்துவிட்டார். சம்பா நடவு புல்லில்லாமல் பச்சை பிடித்தது. அக்கா அந்த ஒரு மாதம்தான் சிரித்த முகமாக இருந்தார்.

ஐப்பசி மழையில் வரப்பு உடைந்தது. உடைப்பில் வைக்கோலும் மண்ணும் திணிப்பது எங்கள் வழக்கம். போன அறுப்பு வைக்கோலை மெஷின்காரர்கள் கட்டுகட்டி லாரியில் ஏற்றி எப்போதோ போய்விட்டார்கள். பயிர் முழுகிக்கொண்டிருந்தது. அக்கா ஓடிப்போய் அந்த வேர்க்குவியலை அள்ளி வந்து அடைத்தார். நானும் அள்ளிக் கொடுத்தேன். மேலே சருகு, அடியில் வேர் காயாமல் பச்சையாக இருந்ததை ஒருத்தரும் பார்க்கவில்லை. தண்ணீர் நின்றது. ஆனால் வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்ட கதைதான்.

தை அறுப்பில் பார்த்தால், வரப்பிலிருந்து வயலுக்குள் இஞ்சிப்புல் இறங்கியிருந்தது. பிரகதாம்பாளிடம் அக்கா ஒரு வார்த்தை கெஞ்சவில்லை. இப்போது அங்கே தென்னங்கன்று நிற்கிறது.

அக்கா எங்களோடு நூறு நாள் வேலைக்கு வருகிறார். போன மாதம் வாய்க்கால் தூர்வாரினோம். உள்ளே அதே புல்.

"கரையில போடாதீங்கடி, பொழச்சுக்கும்! காயவச்சுக் கொளுத்தணும்" என்று முதல் நாள் கத்தினார்.

"அதுக்கெல்லாம் நேரம் ஏதுங்க? கரையில போட்டுட்டுப் போங்க" என்றான் வேலையைப் பார்த்துக்கொள்ளும் ரஞ்சித்.

மறுநாள் அக்கா எங்களோடு வாய்க்காலுக்குள் இறங்கினார். ஒரு கொத்தை வேரோடு பிடுங்கினார். கையில் வைத்துக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு அவரும் கரையில்தான் போட்டார்.