மீசையைப் பணயம் வைத்த ரயில் போட்டி

காலை வண்டியில், பிரெஞ்சுக்காரர் ஆண்ட எங்கள் வில்லியனூரை விட்டு, அதிக நிலையங்களில் இறங்கி, ஸ்டேஷன் மாஸ்டர்களிடம் கையெழுத்து வாங்கி, மாலை வண்டியில் திரும்ப வேண்டும். குறைந்த கையெழுத்து வாங்கியவர் மீசையை எடுக்க வேண்டும். கரும்பு வெட்டும் காலத்தில், ரயில் பித்துப் பிடித்த நான்கு குடும்பஸ்தர்களுக்கு இதுதான் வேலை. கடிகாரம் வைத்திருந்த பாவத்துக்கு நான் நடுவர்.

போட்டியாளரில் ஒருவன் என் மனைவியின் தம்பி. ரயில் அட்டவணை அவனுக்கு மனப்பாடம். தன் வயலின் எல்லை தெரியாது. அன்று ஏறும்போது அவன் பையில் பாட்டில் சத்தம் கேட்டது.

"இன்னாடா அது?"

"பிராந்தி, மாமா. விழுப்புரம் போய்ச் சேந்ததும் ஒடைக்கணும்."

"எல்லையில இங்கிலீஷ்காரன் சுங்கம் இருக்குதுடா."

"அட்டவணையில அப்படி ஒண்ணும் போடல மாமா."

எல்லையில் சுங்கச் சிப்பந்திகள் அவனைப் பாட்டிலோடு இறக்கினார்கள். வண்டி போய்விட்டது. தண்டவாளத்தோரமாகவே நடந்து, மதியம் திரும்பினான்.

மாலையில் மற்ற மூவரும் ஆளுக்கு நாலைந்து கையெழுத்துகளோடு வந்தார்கள். இவன் பாட்டிலைப் பறிமுதல் செய்த சீட்டை நீட்டினான்.

"இதுலயும் கையெழுத்து இருக்குது மாமா. ஒண்ணுன்னு போட்டுக்கயேன்."

அவன் பெயருக்கு நேரே பூஜ்யம் போட்டுவிட்டு, நாவிதரைக் கூட்டிவர ஆள் அனுப்பினேன்.