படத்துக்குக் கீழே எழுதிய எண்கள்

இரண்டு வருடங்களுக்கு முன், ஒரு மாசி மாதத்து ஞாயிறு காலையில், ஆரையம்பதிக்கு அருகே மட்டக்களப்பு வாவியில் நடந்தது இது. எழுத உட்கார்ந்தாலே இன்றைக்கும் எனக்கு இரத்தம் கொதிக்கிறது.

அப்போது நான் முதுமாணிப் பட்டத்துக்காக வாவித் தண்ணீரில் பக்டீரியாக்களை எண்ணிக்கொண்டிருந்தேன். கிழமையில் ஆறு நாளும் ஆய்வுகூடம். ஞாயிறு மட்டும் என்னுடையது. பழைய கமரா ஒன்றைத் தூக்கிக்கொண்டு பறவை பார்க்கப் போய்விடுவேன். பறவையா பட்டம் தரப்போகிறது என்று கூடப் படித்தவர்கள் நக்கலடிப்பார்கள். அந்த ஒரு நாள் இல்லாவிட்டால் மற்ற ஆறு நாளும் எனக்கு ஓடாது.

என்னைத் தோணியில் ஏற்றிப்போகிறவர் ஒரு மீன்பிடிக்கார அண்ணன். ஆய்வுக்குத் தண்ணீர் எடுக்கப் போய்ப் பழக்கமானவர். தை மாதக் கடைசியில் ஒருநாள், கண்டல் மரங்கள் அடர்ந்த சின்னத் திட்டு ஒன்றுக்குக் கூட்டிப்போனார். அங்கே கரண்டிவாயன் பறவைகள் கூடு கட்டி முட்டையிட்டிருந்தன.

"குஞ்சு பறக்குமட்டும் நாங்க இஞ்சால வலை போடுறல்ல புள்ள. ஆருக்கும் இடத்தச் சொல்லிப்போடாத" என்றார். தலையாட்டினேன்.

சத்தியமாக யாரிடமும் வாய் திறக்கவில்லை. ஒரு படத்தை முகநூலில் போட்டேன், அவ்வளவுதான்.

மூன்றாவது ஞாயிறு திரும்பப் போனால், திட்டை ஒட்டி இரண்டு எஞ்சின் படகுகள். தலைக்கு மேலே ட்ரோன் இரைந்துகொண்டிருந்தது. பறவைகள் எல்லாம் மேலே எழும்பி, இறங்கப் பயந்து சுற்றின. கூடுகளில் காகங்கள். ஒரு காகம் முட்டையை உடைத்துக் குடித்ததை இந்தக் கண்ணால் பார்த்தேன்.

"அறிவிருக்கா உங்களுக்கு? அதக் கீழ இறக்குங்க!" என்று தொண்டை கிழியக் கத்தினேன்.

முழங்கை நீள லென்ஸ் வைத்திருந்த ஒருவர் சிரித்தார். "ஏன் தங்கச்சி கோவிக்கிறீங்க? இடத்தப் போட்டு, வாங்க எண்டு கூப்பிட்ட மாதிரி எழுதியிருக்காங்களே" என்று போனை நீட்டினார்.

என் படம். அதன் கீழே திகதி, நேரம், இடத்தைக் காட்டும் அகலாங்கு, நெட்டாங்கு, தசமத்துக்குப் பின் நான்கு இலக்கம்வரை. ஆய்வுகூடத்தில் தண்ணீர் எடுத்த இடம் எழுதாத போத்தல் குப்பைக்குத்தான் போகும். அந்தப் பழக்கத்தில், போத்தலுக்கு எழுதுவதுபோலவே பறவைக்கும் எழுதித் தொலைத்திருக்கிறேன்.

"என்ன எழுதிக் கிடக்கு?" என்று அண்ணன் கேட்டார். சொன்னேன். அவர் தோணியைத் திருப்பினார். வழி முழுக்க நான் அவர்களைத் திட்டிக்கொண்டே வந்தேன். கரையில் இறங்கும்போதுதான் அவர் பேசினார்.

"அவனுகளுக்குத் தெரியாது புள்ள. உனக்குத் தெரியுந்தானே?"

அன்றே பதிவை அழித்தேன். அதற்குள் பலர் பகிர்ந்துவிட்டிருந்தார்கள். அடுத்த வருடம் அந்தத் திட்டுக்கு ஒரு கரண்டிவாயனும் வரவில்லை. எனக்குப் பட்டம் கிடைத்துவிட்டது. அண்ணன் இப்போதும் கண்டால் சிரிப்பார், தோணியில் ஏறச் சொல்வதில்லை.

எங்காவது ட்ரோன் சத்தம் கேட்டால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆனால் எல்லாவற்றையும் எழுதிவைக்கப் பழகி, சொல்லாதே என்று ஒருவர் கேட்டுக்கொண்டதை மட்டும் மறந்த என் கையின் மேல் வருகிற கோபம்தான் இன்னும் அடங்கவில்லை.