இரண்டு படங்களையும் பார்த்தவர்

எஸ்தர் அக்கா இறந்த செய்தி எங்கள் ஸ்கேன் சென்டரின் வாட்ஸ்அப் குழுவில் காலை எட்டரைக்கு வந்தது. டெங்கு. கீழ்க்கட்டளையில் அவர் வீடு இருக்கும் தெருவில் மழைநீர் வடிந்து நாங்கள் பார்த்ததில்லை. வயது முப்பத்தெட்டு. செய்திக்குக் கீழே சில கும்பிடு பொம்மைகள். அதற்கும் கீழே மேனேஜர் அன்றைய நோயாளிகளின் பட்டியலைப் போட்டிருந்தார்.

தாம்பரத்தில், எம்.ஆர்.ஐ. அறையில், நான்கு வருடம் அவரோடு வேலை பார்த்தேன். அப்போது ஒரு ஸ்கேனுக்கு அரை மணி நேரம் ஆகும். நான் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் கம்ப்யூட்டரில் இருப்பேன். அக்கா காதை அடைத்துக்கொண்டு உள்ளே நின்று நோயாளியின் கணுக்காலைப் பிடித்திருப்பார். பிடித்தால் ஆள் அசைவது குறையும் என்பார்.

"போட்டோவுக்கு நிக்கிற மாதிரி வெறைக்காதீங்கண்ணா. தூங்குங்க."

"உள்ள ட்ரம் அடிச்சிகினு கீறான். எங்கம்மா தூங்குறது?"

பிறகு வேகமாக எடுக்கும் மென்பொருள் வந்தது. மெஷின் குறைவாக அளக்கும். மீதியைக் கம்ப்யூட்டர் கணக்கிட்டு நிரப்பும். நோயாளி அசைந்தால் அதையும் கண்டுபிடித்துத் திருத்தும். அரை மணி, பத்து நிமிடமானது.

"வலியோட படுக்குறவங்களுக்கு இது பெரிய விஷயம் தம்பி," என்று அக்கா சந்தோஷப்பட்டார்.

மிச்சமான நேரம் நோயாளிக்குப் போகவில்லை. சென்டர் ஒரு நாளைய பட்டியலில் ஆட்களைக் கூட்டியது. அக்காவோ திருத்தும் முன்பிருந்த படத்தையும் திருத்திய படத்தையும் அருகருகே வைத்துப் பார்ப்பார். அசைவு அதிகமென்றால் மறுபடி எடுப்பார்.

பம்மலில் தோல் பட்டறையில் வேலை செய்யும் ஒருவர் கழுத்து ஸ்கேனுக்கு வந்தார். ஓயாத இருமல். திருத்திய படம் பளிச்சென்று இருந்தது. திருத்தும் முன்பிருந்ததில் கழுத்தே கலங்கிக் கிடந்தது.

"இவ்ளோ ஆடினதுக்கு இவ்ளோ சுத்தமா வருமா? எனக்கு நம்பிக்கையில்ல," என்றார் அக்கா.

"சாஃப்ட்வேர் பாத்துக்கும்மா. வெளிய பத்து பேர் நிக்கிறாங்க," என்றார் மேனேஜர்.

அக்கா உள்ளே போய்க் கணுக்காலைப் பிடித்துக்கொண்டார். இருமல் வரும்போதெல்லாம் கையைத் தூக்கினார், நான் நிறுத்தினேன். இப்போது தண்டுவடத்தின் ஓரத்தில் ஒரு சிறு கட்டி தெரிந்தது. முதலில் வந்த, திருத்திய படத்தில் அந்த இடம் வழவழவென்று இருந்தது.

அடுத்த வாரம் மேனேஜர் மேசையில் ஒரு கடிதம் தயாரானது. எஸ்தர் தேவையில்லாமல் ஸ்கேனைத் திரும்ப எடுக்கிறார், வேலையில் தவறு செய்கிறார் என்று. எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள். நானும் போட்டேன். எனக்கு ஒப்பந்த வேலை. அக்காவை ரிசப்ஷனில் உட்கார வைத்தார்கள்.

மறுநாள் அக்கா எனக்கு டீ வாங்கிக் கொடுத்து, "வேலை போயிடக் கூடாதுல்ல, விடு," என்றார். அதன்பின் அதைப் பற்றிப் பேசவே இல்லை.

கல்லறைத் தோட்டத்தில் அவர் கணவர் சாமுவேல் அண்ணன் என்னைத் தனியே அழைத்தார்.

"தம்பி, அவ எதையோ தப்பா எடுத்துட்டான்னு சொல்றாங்க. நெசமா? கேட்டா வாயே தொறக்க மாட்டா."

"இல்லண்ணா. அக்கா சரியாத்தான் எடுத்தாங்க. தப்புன்னு எழுதின பேப்பர்ல நான் கையெழுத்து போட்டேன்."

அடிப்பார் என்று நினைத்தேன். அவர் தன் மகளைக் கூப்பிட்டார். ஒன்பது வயது, பள்ளிச் சீருடையில் இருந்தாள்.

"இவகிட்ட சொல்லு. இப்ப என்கிட்ட சொன்னத அப்படியே சொல்லு."

குழியில் மண் விழுந்துகொண்டிருந்தது. நான் மண்டியிட்டு, கையெழுத்துப் போட்டதுவரை அவளிடம் சொன்னேன். அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

விடைகொடுங்கள், அக்கா.