சுவரில் ஒட்டிய பசுமாடு

எங்கள் லயத்துக் காம்பராவின் சுவரில் ஒரு பசுமாடு இருந்தது. டின் பாலைச் சுற்றியிருந்த தாளை நான்தான் வெந்நீரில் ஊறவைத்து, கிழியாமல் உரித்து, கோதுமை மாவுப் பசை தடவி ஒட்டினேன். அப்போது எனக்குப் பதின்மூன்று வயது. அதை நினைத்தால் இன்றைக்கும் என் வாயில் நானே சூடு வைத்துக்கொள்ளலாம் போலிருக்கிறது.

அறுபதுகளின் கடைசி அது. ஹாலிஎலை டவுனுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டம். வேலையாட்கள் குடியிருக்கும் வரிசை வீடுதான் லயம்; அதில் குடும்பத்துக்கு ஒரு அறை, அதுதான் காம்பரா. அம்மா கொழுந்து எடுத்தாள். அப்பாவுக்குக் கவ்வாத்து வேலை. வயசான தேயிலைச் செடிகளைக் கத்தியால் வெட்டிக் குட்டையாக்குவது. தோட்டத்தில் எல்லாரும் குடிப்பதுபோலத்தான் அவரும் தேத்தண்ணி குடிப்பார். ஒரு கையில் பால் போடாத வெறும் சாயம், மறு உள்ளங்கையில் கொஞ்சம் சீனி. ஒரு நக்கு, ஒரு மிடறு. காலையில் பெரட்டுக்கு ஆள் கணக்கெடுக்கத் தப்பு அடிக்கும்வரை அந்தக் கை மூடாது.

அந்த வருடம் அப்பா இளைத்துக்கொண்டே போனார். குடம் குடமாகத் தண்ணீர் குடித்தார். டிஸ்பென்சரி ஐயா சோதித்துப் பார்த்துவிட்டு, "ஒனக்குச் சீனி வியாதி. இனிமே சீனி, கருப்பட்டி ரெண்டையும் கையால தொடக்கூடாது" என்றார்.

அம்மா அன்றைக்கே சீனி டப்பாவைக் கழுவிக் கவிழ்த்துவிட்டாள். அவருக்கு இல்லாத சீனி நமக்கும் வேண்டாம் என்றாள். ஆனால் மறுநாள் காலை அப்பா பழக்கத்தில் உள்ளங்கையை விரித்து, பார்த்துவிட்டு, மெல்ல மூடிக்கொண்டார். அதை அவளால் தாங்க முடியவில்லை. "சீனிதான வேணாம்னாங்க. பால வேணாம்னு சொல்லலியே. ஒடம்பு தேற வேணாமா?" என்று டவுனுக்கு இறங்கிப்போய் ஒரு டின் பால் வாங்கி வந்தாள்.

அப்பா ஒரு வாய் குடித்துவிட்டு நிறுத்தினார். "என்னா இந்த இனிப்பு இனிக்குது. சீனி போட்டிருப்பானோ?"

"வத்தக் காச்சுன பால் இனிக்கத்தாங்க செய்யும்" என்றாள் அம்மா.

அப்பாவுக்கு மனம் ஒப்பவில்லை. டின்னை என்னிடம் நீட்டினார். "பாப்பா, நீதான் டவுன் ஸ்கூல்ல படிக்கிறியே. என்னா எழுதியிருக்குன்னு பாத்துச் சொல்லு."

டின்னில் தமிழ் ஒரு எழுத்துக்கூட இல்லை. எனக்குத் தெரிந்த இங்கிலீசு பூனை, நாய், மாடு, பால் அவ்வளவுதான். பெரிய எழுத்தில் இருந்தது பால் என்று தெரிந்தது. கீழே பொடி எழுத்தில் நாலைந்து வரி, ஒன்றும் புரியவில்லை. புரியவில்லை என்று சொல்ல வாயில் என்ன கொழுக்கட்டையா இருந்தது? எங்கள் லயத்தில் இங்கிலீசு படிக்கிற ஒரே பிள்ளை என்ற திமிர். "பால்னுதான்ப்பா போட்டிருக்கு. வேற ஒண்ணுமில்ல" என்றேன்.

"பாத்தியா எம் மகள" என்று பக்கத்துக் காம்பராவுக்கும் கேட்கிற மாதிரி அப்பா சொன்னார். டின் காலியானதும், அந்தத் தாளைச் சுவரில் ஒட்டச் சொன்னவர் அவர்தான். மகள் படித்த தாளாம். அவர் சாய்ந்து உட்காரும் இடத்துக்கு நேர்மேலே ஒட்டினேன். அதன் கீழே உட்கார்ந்துதான் நாளுக்கு மூன்று வேளை டின் பால் கலந்த தேத்தண்ணியைக் குடித்தார்.

சில மாதம் கழித்துக் கவ்வாத்துக் கத்தி அவர் காலில் பட்டது. சின்னக் காயம். மஞ்சள் பற்றுப் போட்டும் ஆறவில்லை. "புண்ணு ஆறணும்னா ஒடம்புல சத்து வேணும்" என்று அம்மா இன்னொரு கரண்டி கூட்டிப் போட்டாள். பதுளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது பாதம் கறுத்துவிட்டிருந்தது. அங்கே டாக்டரிடம் அப்பா திரும்பத் திரும்பச் சொன்னது ஒன்றுதான்: "சத்தியமா சீனிய நான் தொடலீங்க." டாக்டர் நம்பவில்லை. காலை எடுத்தார்கள். அப்பா வீட்டுக்குத் திரும்பி வரவில்லை.

பிறகு நான் படித்து, அப்புத்தளைப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சரானேன். ஒரு லீவுக்கு வந்தபோது, அப்பா உட்காரும் இடத்தில் உட்கார்ந்து, சும்மா நிமிர்ந்து அந்தப் பொடி எழுத்தைப் படித்தேன். பால், சீனி. இருந்த சரக்கு அந்த இரண்டுதான். யாரிடமும் சொல்லவில்லை. சொல்ல எனக்குத் துணிச்சல் இல்லை.

எண்பதுகளில் அம்மாவுக்கும் அதே வியாதி வந்தது. "நான் சீனிய விட்டுட்டேன். அப்பாவுக்குப் போட்ட மாதிரி எனக்கும் டின் பால்ல ஒரு தேத்தண்ணி போடு" என்றாள். கடையில் டின் பால் வருவதே இல்லை என்று புளுகினேன். அடுத்த தடவை நான் வந்தபோது அவளே ஒரு டின் வாங்கி, ஓட்டை போட்டு, கோப்பைக்குள் கவிழ்த்துக்கொண்டிருந்தாள். பாய்ந்து பிடுங்கினேன்.

"வேணாம்மா. அதுல சீனி இருக்கு."

வாய் தவறி வந்துவிட்டது. அம்மா சுவரைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"அப்ப அவருக்கு?"

"அந்த டின் வேறம்மா. அப்ப வந்தது வேற பால்" என்றேன். அப்பா குடித்த டின்னைப் பற்றி நான் சொன்ன இரண்டாவது பொய் அது.

அம்மா கோப்பையில் இருந்ததைக் கொட்டினாள். வெறும் சாயத்தை ஊற்றிக் குடித்தாள்.

மறுநாள் காலை நான் எழுந்து வந்தபோது, அவள் கரண்டிக் காம்பால் பசுமாட்டைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். உதிர்ந்த துணுக்குகளை உள்ளங்கையில் சேர்த்து அடுப்பில் போட்டாள். நான் வாசலிலேயே நின்றேன். அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

"நீ அப்ப சின்னப் புள்ள" என்றாள். "கலக்கிக் குடுத்தது நான்."