திருவிழா மாத்திரை

ஸ்கேன் அறைக்கு வெளியே கிடந்த நாற்காலியில் என்னால் ஐந்து நிமிடம் சேர்ந்தாற்போல் உட்கார முடியவில்லை. எழுந்தால் இடது கெண்டைக்கால் வலித்தது; உட்கார்ந்தால் நெஞ்சு படபடத்தது. "செத்த ஒரு இடத்துல இரு செல்வி. வீங்குன கால வச்சுக்கிட்டு அங்கிட்டும் இங்கிட்டும் நடக்குற" என்றார் என் கணவர்.

எனக்கு எண்டோமெட்ரியோசிஸ் (கருப்பையின் உட்படலம் போன்ற திசு கருப்பைக்கு வெளியே வளர்வது). கூடலூரில் பள்ளி ஆசிரியை. மாதத்தில் நான்கு நாட்கள் மேசையைப் பிடித்துக்கொண்டுதான் பாடம் நடத்துவேன். எல்லாப் பொம்பளைக்கும் உள்ளதுதானே என்று பதினோரு வருடம் சொன்னார்கள், நானும் நம்பினேன். நினைத்தால் இப்போதும் கோபம் வருகிறது.

தேனி டாக்டரம்மாதான் நோயைக் கண்டுபிடித்தார். தினம் ஒரு புரோஜெஸ்டின் மாத்திரை (அந்தத் திசு வளராமல் அடக்கும் ஹார்மோன்) எழுதினார். அவ்வப்போது கசிவு இருக்கும், பயம் வேண்டாம். மனம் மிகவும் சோர்ந்தாலோ, கால் வீங்கினாலோ, மூச்சு வாங்கினாலோ உடனே வரவேண்டும் என்றார். மூன்றாம் மாதம் வலி நின்றது. நாள் முழுக்க வகுப்பில் நடந்தபடியே பாடம் நடத்திவிட்டு வீட்டுக்கு வந்து அழுதேன்.

வலி நின்றால் வீரபாண்டி அம்மனுக்குச் சித்திரைத் திருவிழாவில் அக்கினிச்சட்டி எடுப்பதாக வேண்டியிருந்தேன். சட்டி எடுக்க ஒரு வாரம் இருக்கையில் கசிவு தொடங்கியது. தீட்டோடு கோயிலுக்கு எப்படிப் போவது? கணவரின் அக்கா, என் மதினி, மெடிக்கலில் ஒரு அட்டை வாங்கி வந்தார். மாதவிடாயைத் தள்ளிப்போட எங்கள் பக்கத்துப் பெண்கள் திருவிழாவுக்கும் கல்யாணத்துக்கும் விழுங்குவது அது. கடையில் டாக்டர் சீட்டுக்கூடக் கேட்கவில்லை. தினம் மூன்று போட்டேன், என் மாத்திரையையும் விடாமல்.

ஐந்தாம் நாள் கால் வீங்கியது.

"வேற ஏதாவது மாத்திரை போடுறீங்களா?" என்று டாக்டரம்மா கேட்டார். இல்லை என்றேன். கணவர் என் பையிலிருந்து அந்த அட்டையை எடுத்து நீட்டினார்.

"அது மாத்திரை இல்லங்கம்மா. திருவிழாவுக்குப் போடுறது" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. "இதுவும் அதே வகைதான். ஒண்ணுக்கு மேல ஒண்ணு போட்டிருக்கீங்க. கால்ல ரத்தம் உறைஞ்சிருந்தா ரெண்டையுமே நிறுத்தணும்."

ரத்தக்கட்டி நுரையீரலுக்குப் போனால் உயிருக்கே ஆபத்து என்றும் சொன்னார். அது என் காதில் சரியாக ஏறவில்லை. ரெண்டையுமே என்ற சொல்தான் உள்ளே சுற்றிக்கொண்டிருந்தது. பழைய வலி திரும்பிவிடுமே என்றுதான் பயந்தேன். எனக்கு வெட்கமாகவும் இருந்தது.

டாப்ளர் ஸ்கேனில் (நாளங்களில் ரத்த ஓட்டத்தைப் பார்ப்பது) கட்டி இல்லை. "பழைய மாத்திரைய மட்டும் தொடருங்க. ஒரு வாரம் கழிச்சு இன்னொரு தடவ பாத்துருவோம். நடுவுல வீக்கம் கூடுனா நேரம் பாக்காம வாங்க" என்றார். மறுமுறையும் கட்டி இல்லை.

அந்த ஒரு வாரம் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை காலைத் தொட்டுப் பார்த்தேன். இதே மாத்திரையில் இருப்பவர்களுக்கு ஒன்றைச் சொல்கிறேன்: விழுங்குகிற எதையும், மாத்திரை என்றே தோன்றாததையும், மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.

அந்த வருடம் சட்டி எடுக்கவில்லை. முன்பு என் மாதம் வலிக்கு முன், வலிக்குப் பின் என்று இரண்டாகக் கிடக்கும். இப்போது மாதமே இல்லை, நாட்கள்தான் வருகின்றன. கசிவு எந்த நாளில் வரும் என்று உடம்பு சொல்வதில்லை. நானும் அதை மிரட்டிக் கேட்பதில்லை.

"அடுத்த சித்திரைக்கும் இப்படி ஆனா என்ன செய்வ?" என்றார் மதினி.

"கசிவோடயே எடுப்பேன் மதினி. இந்த உடம்பு நல்லானதுக்குத்தான நேந்தேன்?"