கேள்விக்குறி போட்ட வரி

தொலைக்காட்சித் திரையின் அடியில் ஓடும் செய்தி வரிகளை எழுதுவதுதான் அவள் வேலை. ஒரு வரிக்கு ஏழு சொல்லுக்கு மேல் இடமில்லை என்பதால், அலுவலகத்தில் அவள் பெயரே ‘ஏழு சொல் அக்கா’. பதினொரு வருடமாக நாற்காலி நுனியிலேயே உட்கார்ந்து பழகியவள்.

அன்று காலை நிருபர் போனில் சொன்னது இவ்வளவுதான்: பிரசவத்தில் ஒரு தாய் இறந்துவிட்டாள், உறவினர்கள் ஆஸ்பத்திரி வாசலில் கத்துகிறார்கள். அவள் விரல்கள் தாமாகத் தட்டின: ‘பிரசவத்தில் தாய் பலி; டாக்டர், நர்ஸ் அலட்சியமா?’ சரியாகத் தெரியாத இடத்தில் கேள்விக்குறி போட்டுவிட்டால் வம்பில்லை என்பது அந்த அலுவலகத்தின் வழக்கம்.

கால் மணி நேரத்தில், அதே ஆஸ்பத்திரியின் பிரசவ வார்டில் நர்ஸாக இருக்கும் தங்கை கூப்பிட்டாள்.

“அக்கா, அந்த வரி நீ எழுதினதா?”

“கேள்விக்குறி போட்டிருக்கேனேடி.”

“அதை யாரு பாக்குறா? வராண்டா டிவில படிச்சுட்டு ஆளுங்க கதவை இடிக்கிறாங்க. உள்ள இன்னொருத்திக்குக் குழந்தை தலை தெரியுது, டாக்டர் கதவையே திரும்பித் திரும்பிப் பாக்குறாங்க.”

“அந்தப் பொண்ணு எப்படிடி செத்தா?”

“கூட இருந்த எங்களுக்கே இன்னும் தெரியலக்கா. உனக்கு எப்படித் தெரிஞ்சுது?” போன் வைக்கப்பட்டுவிட்டது.

அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. பழைய வரியை அழித்துவிட்டு, ‘பிரசவத்தில் தாய் மரணம், காரணம் இன்னும் தெரியவில்லை’ என்று ஓடவிட்டாள்.

செய்தி ஆசிரியர் எகிறினார். “என்னம்மா இது? தெரியாததை எல்லாமா செய்தியா போடுவாங்க?”

“இவ்வளவு நேரம் அதைத்தானே சார் போட்டோம்.”

தங்கையின் எண்ணை அழுத்தினாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. கை வேலையாக இருக்கும் என்று தனக்கே சொல்லிக்கொண்டு மறுபடியும் அழுத்தினாள்.